இரண்டு சந்தேகம் சேர்ந்தால் பழுது

லத்தீஃபா புதுப்பட்டினத்தில் பிறந்தவள். கடைத்தெருவில் அவளுடைய அத்தா ஜெயினுலாபுதீனுக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. பல்பு வாங்க வருகிறவருக்கு ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டித்தான் கொடுப்பார். மகளுக்கு அது போதாது. கழற்றி மறுபடி மாட்டச் சொல்லுவாள். "ஒரு தடவ எரிஞ்சா நல்ல பல்புன்னு ஆயிடுமா அத்தா?" என்று எட்டு வயதில் அவள் கேட்டதைக் கடைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஊரெல்லாம் சொன்னார்கள். இருபத்து நாலு வயதில் அவள் செய்த காரியத்துக்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்போது கேளம்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் இன்ஜினீயர். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய் தேதியும் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் பெருமைக்காகக் கொடுத்தனுப்பிய பட்டச் சான்றிதழின் நகலை லத்தீஃபா மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பட்டம் வாங்கிய வருஷத்தில் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு இருந்ததா என்று ஒரு சந்தேகம். பஸ் ஏறிப் போய், ஆபீஸில் விசாரித்துவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னாள். பிரிவு தொடங்கியதே அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான். கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் ஐந்து வருஷம் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. "அந்தப் பொண்ணா? நம்ம வூட்டுக்கு வந்தா நம்ம ரேஷன் கார்டையே செக் பண்ணும்" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள்.

கடைசியில் மாமல்லபுரத்தில் வேன் ஓட்டும் சுஹைப் வந்தான். பெண் பார்க்க வந்த அன்றே வண்டியின் ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், லைசென்ஸ் மூன்றையும் ஒரு பாலிதீன் கவரில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். "மொதல்ல இதப் பாருங்க. அப்புறம் பேசுவோம்" என்றான். இன்சூரன்ஸ் முடியப் பதினோரு நாள்தான் இருந்தது. அதை அவள் சொன்னாள். மறுநாளே புதுப்பித்துவிட்டு போன் செய்தான். அந்த வருஷமே நிக்காஹ் நடந்தது.

அவளுக்கு வேலை கேளம்பாக்கத்தில். ஸ்வீட் ஸ்டாலுக்கு மேலே, இரண்டாவது மாடியில், பன்னிரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் கம்பெனி. பார்த்தசாரதி என்பவர் நடத்துகிறார். கடலோரம் நெடுக உள்ள தண்ணீர் பம்பிங் ஸ்டேஷன்களில் எந்த வால்வு எப்போது காலைவாரும், எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டு மாதம் ஒரு ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் அனுப்புவது அவர்கள் தொழில். உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

கணக்கு இதுதான். ஒரு ஸ்டேஷனில் பதினான்கு வால்வு. இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே பார்த்து, ஒவ்வொரு வால்வுக்கும் 'நல்லது', 'சந்தேகம்', 'பழுது' என்று மூன்றில் ஒன்றைக் குறிப்பார்கள். பிறகு இரண்டு குறிப்பையும் சேர்க்க வேண்டும். இரண்டில் எது மோசமோ அதுவே முடிவு. ஒரே ஒரு இடத்தில் மட்டும் விதி மாறும். இருவருமே 'சந்தேகம்' என்று எழுதியிருந்தால் முடிவு 'பழுது'. தனித்தனியாகப் பார்த்த இரண்டு பேருக்கும் ஒரே வால்வின்மேல் சந்தேகம் வந்தால் அது சந்தேகமில்லை என்பது அந்தத் துறையின் அனுபவம். லத்தீஃபாவுக்கு மிகவும் பிடித்த விதி அது.

பதினான்கு வால்வுக்கும் மூன்றில் ஒன்றாகக் குறித்த ஒரு முழு வரிசையை ஒரு வகை என்று வைத்தால், நாற்பத்தேழு லட்சத்துச் சொச்சம் வகை வரும். கணினியில் ஓட்டிப் பார்த்த பல கோடி கற்பனை வருஷங்களில் முதல் ஆய்வாளருக்கு ஒவ்வொரு வகையும் எத்தனை தடவை வரும் என்று ஒரு பட்டியல். இரண்டாமவருக்கு இன்னொன்று. முதல் பட்டியலின் ஒவ்வொரு வரியையும் இரண்டாவதின் ஒவ்வொரு வரியோடும் சேர்த்து, எண்ணிக்கைகளைப் பெருக்கி, சேர்ந்து வரும் வகையில் கொண்டுபோய்க் கூட்ட வேண்டும். ஏறக்குறைய இருபத்து மூன்று லட்சம் கோடி ஜோடி. இதற்கான புரோகிராமை எழுதியவள் லத்தீஃபா. வியாழக்கிழமை காலையில் ஓடவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் முடியும். ஆறு வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டு மாதத்துக்கு முன் கலையரசன் வேலைக்குச் சேர்ந்தான். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே ஒரு கிராமம். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். செங்கல்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு டுடோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவன். முப்பது வயது. அதிகம் பேச மாட்டான்.

முதல் ஆறு மாதம் லத்தீஃபாவுக்கு அவனைப் பற்றி எந்த எண்ணமும் இல்லை. பிறகு சில விஷயங்கள் கண்ணில் பட்டன. அவள் பக்கத்தில் போனால் லேப்டாப் மூடியை இறக்கினான். டீ நேரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போனான். போன வருஷத்துப் பட்டியல்களை யாருக்கும் சொல்லாமல் தன் லேப்டாப்புக்கு நகல் எடுத்திருந்தான். சர்வரில் யார் எதை எடுத்தார்கள் என்று பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. வேறு கம்பெனிக்கு விற்கிறானோ? வீட்டுக்குப் போகும் வழியில் சுஹைபிடம் சொன்னாள்.

"வால்வு கணக்க எவன் வாங்குவான்?" என்றான் அவன், வேனைத் திருப்பிக்கொண்டே.

"வாங்க ஆள் இல்லன்னா ஒளிக்கறதுக்கு இன்னா கீது?"



ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் பார்த்தசாரதி முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "ரெண்டரை நாள் வேலைய கலை ஆறு நிமிஷத்துல முடிச்சிருக்கான். நான் கண்ணால பார்த்தேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். கலையரசன் மட்டும் தலை நிமிரவில்லை. "இன்னும் முடியல சார். இன்னும் பாக்கணும்" என்றான். சாதித்தவன் பேசுகிற பேச்சாக அது லத்தீஃபாவுக்குப் படவில்லை.

"எப்படி?" என்று கேட்டாள்.

அவன் எழுந்துபோய்ப் பலகையில் மூன்றுக்கு மூன்று கட்டம் போட்டான். "மேடம், ஒரு வால்வுக்கு ஒம்போது ஜோடி. நடுக் கட்டத்த, அதான் சந்தேகமும் சந்தேகமும் சேர்ற எடத்த, விட்டுட்டுப் பாத்தா மீதி எல்லாமே 'மோசமானது ஜெயிக்கும்'. அதுக்கு ஒரு வழி கீது. 'சந்தேகம் மட்டும்'னு எண்ணாம, 'சந்தேகமோ அத விட நல்லதோ'ன்னு எண்ணணும். சேர்ந்த முடிவு அப்படி இருக்கணும்னா ரெண்டு பேர் எழுதுனதும் அப்படித்தான் இருக்கணும். ஒரே ஒரு பெருக்கல். மூணு நெலைக்கு மூணு பெருக்கல். அப்புறம் கழிச்சுக் கழிச்சு உண்மையான எண்ணிக்கைய எடுத்துடலாம்."

"நடுக் கட்டம்?"

"அதுக்குத் தனியா ஒண்ணு. சந்தேகமும் சந்தேகமும் பெருக்கி, சந்தேகத்துல கழிச்சு, பழுதுல கூட்டிடணும். ஆக மொத்தம் நாலு. ஒம்போதுக்குப் பதிலா நாலு. பதினாலு வால்வுக்கும் இதே மாதிரி."

ஒன்பதைப் பதினான்கு தடவை பெருக்கினால் இருபத்து மூன்று லட்சம் கோடி. நாலைப் பெருக்கினால் இருபத்தேழு கோடிகூட இல்லை. லத்தீஃபா மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. பட்டச் சான்றிதழும் காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது.

"தோராயமா வருதா, துல்லியமா வருதா?"

"துல்லியமா மேடம். முழு எண்தான். எங்கயும் ரவுண்டு பண்ணல."

அன்று மத்தியானமே சோதனையை ஆரம்பித்தாள். விடைகளை முன்கூட்டியே எங்காவது ஒளித்து வைத்திருக்கிறானா என்பது முதல் சந்தேகம். மூன்றே வால்வு உள்ள ஸ்டேஷனை அவளே கற்பனை செய்து, கைக்கு வந்த இரண்டிலக்க எண்களைப் போட்டு, இரண்டு புரோகிராமிலும் ஓட்டினாள். இருபத்தேழு விடையும் ஒத்துப்போயின. எண்களை மாற்றினாள். ஒத்துப்போயின. நான்கு வால்வு, ஐந்து வால்வு. நாற்பது தடவை. ஒன்றுகூடப் பிசகவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை போன மாதத்து உண்மையான பட்டியல்களைப் போட்டாள். ஆறு நிமிஷத்தில் விடை வந்தது. தன் புரோகிராம் அப்போதே கொடுத்து வைத்திருந்த விடையோடு ஒப்பிட்டாள்.

ஒத்துப்போகவில்லை. ஏறக்குறைய எல்லா வரியிலும் வித்தியாசம்.

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சின்னதில் சரியாக வந்து பெரியதில் தப்பினால் எங்கோ கணினி ஒதுக்கிய இடத்தில் எண் கொள்ளாமல் வழிகிறது என்று அர்த்தம். இவ்வளவு கழித்தல் போட்டால் வழியாமல் என்ன செய்யும்? பார்த்தசாரதியிடம் அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கே வழிகிறது என்று காட்டாமல் குற்றம் சொல்வது அவள் வழக்கமில்லை.

ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டாள். பதினான்கு வால்வும் 'சந்தேகம்'. ஒரு வால்வு 'சந்தேகம்' ஆவதற்கு இரண்டே வழி. அவர் நல்லது, இவர் சந்தேகம். இல்லாவிட்டால் அவர் சந்தேகம், இவர் நல்லது. ஆகப் பதினாறாயிரத்துச் சொச்சம் ஜோடிதான். இரண்டு புரோகிராமையும் தொடாமல், புதிதாகப் பத்து வரி எழுதி, அந்த ஜோடிகளை மட்டும் நேரடியாகக் கூட்டினாள். வந்த எண் கலையரசனுடையது. கடைசி இலக்கம் வரை.

சரி, இந்த வகையை அவனும் சோதித்துச் சரிசெய்து வைத்திருப்பான் என்று நினைத்தாள். மனதில் தோன்றியபடி ஐந்து வால்வைப் பழுதாக்கி, மற்றதைச் சந்தேகமாக்கினாள். நாற்பது லட்சம் ஜோடி. மறுபடி கலையரசன். மூன்றாவது வகைக்குப் பக்கத்து சீட்டு ஜாக்குலினைக் கேட்டு, அவள் வாய்க்கு வந்த வரிசையைப் போட்டாள். அதற்கும் கலையரசன்.

மிச்சம் இருந்தது ஒரு சோதனை. ஒவ்வொரு ஜோடியும் எங்காவது ஒரு வகையில் விழுந்தே ஆக வேண்டும். ஆகவே இரண்டு பட்டியல்களின் மொத்தங்களைப் பெருக்கினால் விடைப் பட்டியலின் மொத்தம் வர வேண்டும். கலையரசன் விடையில் வந்தது. அவளுடைய விடையில் நூற்றுக்கு நாலு பங்கு குறைந்தது.

ஆறு வருஷத்தில் இந்தக் கூட்டலை அவள் தன் புரோகிராமுக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை.

பழைய புரோகிராமைத் திறந்தாள். முன்னூறு வரி. நூற்றுப் பதினெட்டாவது வரியில், எண்ணிக்கை மூன்றுக்குக் கீழே இருந்தால் அந்த வகையை விட்டுவிடு என்று இருந்தது. பக்கத்திலேயே அவளே தட்டி வைத்த குறிப்பு. 'தற்காலிகம். அடுத்த வாரம் எடுக்கணும்.' தேதி 2019 மார்ச் பதினான்கு.

மகள் ஜன்னா பிறந்தது மார்ச் பதினெட்டு. முழுவதும் ஓட்டினால் பத்து நாள் ஆகும் போலிருந்தது. லீவில் போவதற்குள் ரிப்போர்ட் போக வேண்டும். சின்ன எண்ணிக்கைகளை விட்டால் வேலை கால்வாசியாகிவிடும். அப்படிச் செய்தது மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து தட்டியது ஞாபகம் வந்தது. எடுக்க மறந்ததுதான் ஞாபகத்தில் இல்லை. அவள் சோதனைக்குப் போட்ட எண்களெல்லாம் இரண்டிலக்கம். அதனால் சின்னதில் எல்லாம் ஒத்துப்போயிருந்தது.

அந்த வரியை அழித்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்தது. விரல் கீபோர்டின் மேலேயே இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? புது புரோகிராம் வந்துவிட்டது, பழசை இனி யாரும் திறக்கப்போவதில்லை. பிறகு வேறொன்று தோன்றியது. கலையரசன் இதை முதலிலேயே பார்த்திருந்தால்?

மொட்டை மாடிக்குப் போனாள். கலையரசன் தண்ணீர்த் தொட்டி நிழலில் நோட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"உங்க விடையும் என் விடையும் ஒத்துப்போகலன்னு எப்ப தெரியும்?"

அவன் எழுந்து நின்றான். "மூணு வாரம் ஆவுது மேடம்."

"ஏன் சொல்லல?"

"என்னுது தப்புன்னு நெனச்சேன். மூணு வாரமா அதத்தான் தேடிகினு கீறேன். சார் அதுக்குள்ள மீட்டிங்ல சொல்லிட்டாரு." நோட்டைத் திருப்பிக் காட்டினான். பக்கம் பக்கமாக அதே ஒன்பது கட்டம். "உங்க புரோகிராம் தப்பா இருக்கும்னு தோணவே இல்ல."

"என் புரோகிராமத் தொறந்து பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அவன் பார்வையை விலக்கிக்கொண்டான். பார்த்திருக்கிறான் என்றே தோன்றியது. பார்த்துவிட்டு, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறான். அல்லது உண்மையிலேயே பார்க்கவில்லை. இரண்டில் எது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

"தப்பு என்னுதுதான்" என்றாள். "கீழ வாங்க, காட்றேன்."

பார்த்தசாரதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை உருட்டினார். "புது வெர்ஷன்னு சொல்லி அனுப்பிடலாம், லத்தீஃபா. பழச எதுக்குக் கிளறணும்?"

"பழச வெச்சுத்தான சார் அவங்க வால்வு மாத்தினாங்க?"

"நூத்துக்கு நாலுதான?"

"அந்த நாலு எங்க விழுந்துச்சுன்னு பாத்தாத்தான் சார் அது சின்னதா பெருசான்னு தெரியும்."

ஆறு வருஷத்து ரிப்போர்ட் எழுபத்து நாலு. கலையரசனின் புரோகிராமில் ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து சாயங்காலத்துக்குள் முடிந்தது. எழுபத்தொன்றில் வால்வு வரிசை அப்படியே இருந்தது. மூன்றில் மாறியது. கல்பாக்கம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில், ஒன்பதாவது இடத்தில் போட்டிருந்த ஒரு வால்வு நாலாவது இடத்துக்கு வந்திருக்க வேண்டும். எப்போதோ ஒரு தடவை வரும் வகைகளில்தான் அந்த வால்வு கெட்டுக்கொண்டிருந்தது. அவள் விட்டுவிடச் சொன்னதும் அந்த வகைகளைத்தான்.

சனிக்கிழமை காலை சுஹைபின் வேனில் அங்கே போனாள். பம்ப் ஆபரேட்டர் உலகநாதன், ஐம்பது வயதுக்காரர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

"அந்த வால்வா? அது போயி ஒன்ற வருஷம் ஆவுதே மேடம். கசிஞ்சுகினே கெடந்துச்சு. நாங்களே சொல்லி மாத்திட்டோம்."

"ரிப்போர்ட்ல அது ஒம்போதாவதாத்தான இருந்துது?"

"ரிப்போர்ட்டா?" அவர் சிரித்தார். "தரை ஈரமா இருந்தா தெரியாதா இன்னா?"

லத்தீஃபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. பழசுக்கே புது பெயின்ட் அடித்து வைத்திருக்கலாம். குனிந்து பார்த்தாள். சாவியால் ஓரத்தில் சுரண்டினாள். பெயின்டுக்குக் கீழே துரு இல்லை. தயாரித்த வருஷம் வார்ப்பிலேயே இருந்தது. அதையும் போட்டோ எடுத்துக்கொண்டாள். உலகநாதன் இடுப்பில் கைவைத்து அவள் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "எம்மேல சந்தேகமா மேடம்?" என்றார் கடைசியில்.

"இல்லண்ணா. எம்மேலதான்."

மற்ற இரண்டு ஸ்டேஷன்களிலும் போய்ப் பார்த்தாள். ஒன்றில் வால்வு இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் முந்தின மழைக்காலத்தில் உடைந்து இரண்டு நாள் தண்ணீர் நின்றிருந்தது. ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் அந்த இரண்டு நாள் குடத்தோடு லாரிக்கு நின்ற தெருக்களின் பெயரை அங்கிருந்த வாட்ச்மேனிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். அதில் ஒரு தெருவில் அவளுடைய சின்னம்மா வீடு இருந்தது.

வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்தை அவளே எழுதினாள். எந்த வரி, எந்தத் தேதி, யார் எழுதியது, எந்த மூன்று ரிப்போர்ட். பார்த்தசாரதி இரண்டு தடவை படித்துவிட்டு, "உன் பேர எடுத்துடலாமே" என்றார். அவள் எடுக்கவில்லை. வேலை போகும் என்றே நினைத்திருந்தாள். நாலாம் நாள் வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து ரெஜினா என்ற அதிகாரி போன் செய்தார்.

"ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"தெரியாது மேடம்."

"இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"வேற ஒருத்தர் சரியா போட்டதால."

"அவர் போட்டது சரின்னு எப்படி நம்பறது?"

நியாயமான கேள்வி. லத்தீஃபாவுக்கு அந்த அம்மாவை அப்போதே பிடித்துப்போயிற்று. அரை மணி நேரம் பேசினார்கள். இனி ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் மொத்தம் ஒத்துப்போகிறதா என்ற சோதனையும், ரெஜினாவின் அலுவலகம் தன் இஷ்டப்படி சொல்லும் ஐந்து வகைகளின் நேரடிக் கூட்டலும் சேர்த்து அனுப்புவது என்று முடிவாயிற்று. வேலை போகவில்லை. ஆனால் லத்தீஃபாவின் கையெழுத்து மட்டும் போதாது, கூட ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்கள் எழுதி அனுப்பினார்கள். அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு முகம் சுட்டது. ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சுஹைப் கேட்டபோது, "அவங்க எடத்துல நான் இருந்தா ரெண்டு பேர் கையெழுத்து கேட்டிருப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது புதுத் தலைவலி வந்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கு நாலாவதாக ஒரு குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். 'பார்க்க முடியவில்லை'. வால்வு தண்ணீருக்குள் இருந்தால், அறை பூட்டியிருந்தால் அப்படி எழுதலாம். ஒருவர் பார்க்க முடியாமல் மற்றவர் நல்லது என்றால் நல்லது. பழுது என்றால் பழுது. ஒருவர் பார்க்காமல் மற்றவர் சந்தேகம் என்றால் நேராகப் பழுது. இருவருமே பார்க்காவிட்டால் சந்தேகம். ஒன்பது கட்டம் பதினாறாகிவிட்டது.

கலையரசன் முதலில் ஏழு பெருக்கலில் முடியும் என்றான். பத்து நாள் கழித்து, ஆறு போதும் என்று வந்தான். சந்தேகத்தையும் பார்க்காததையும் முதலில் ஒன்றாகக் கூட்டிப் பெருக்கி, பிறகு இருவரும் பார்க்காத ஒரு கட்டத்தை மட்டும் தனியே திருத்துகிறான். லத்தீஃபா பதினாறு கட்டத்தையும் பஸ்ஸில் உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கோவளம் தாண்டுவதற்குள் பதினாறும் சரியாக வந்துவிட்டன. ஆபீஸில் மறுபடி ஒரு தடவை போட்டாள்.

"ஆறு சரி" என்றாள். "ஆனா அஞ்சுல முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"முடியாதுன்னு நான் சொல்லலியே மேடம்."

"முடியும்னும் சொல்லல."

கலையரசன் நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்தான். அவள் நாற்காலியை அவன் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவன் லேப்டாப் மூடியை இறக்கவில்லை. அதையும் அவள் கவனித்தாள். ஏன் இறக்கவில்லை என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, நாலுக்கு நாலு கட்டம் போட ஆரம்பித்தாள்.